ரிவ்யூல 9 போட்ட கேமு என் பிசில நொண்டுது, இந்த மார்க்கெல்லாம் எப்படித்தான் போடுறாங்க?

லோடிங்மணி:

மக்களே ஒரு டவுட்டு, கொஞ்சம் புலம்பலும் இருக்கு, நீளமா போனா மன்னிச்சிடுங்க.

போன வாரம் ஒரு பெரிய கேமு வந்துச்சு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா அதோட ஃபேன்ஸ் வந்து இந்த த்ரெட்டயே நாறடிச்சிடுவாங்க. ரெண்டு மாசமா சாயங்கால டீ பஜ்ஜி எல்லாம் கட் பண்ணி காசு சேத்து வெச்சிருந்தேன், கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபா. ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி ரிவ்யூ எல்லாம் வந்துச்சு, எங்க பாத்தாலும் 9, 9, 8, 9, ஒருத்தன் 10 வேற. ஆவரேஜ் 88. இதுக்கு மேல என்ன யோசிக்கிறதுன்னு வாங்கிட்டேன். என்கிட்ட இருக்குறது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய பிசி, மினிமம் ஸ்பெக்ல அந்த கார்டு பேரு இருந்துச்சு, அதையும் பாத்துட்டுத்தான் காசு கட்டுனேன்.

உள்ள போனா முதல் முக்கா மணி நேரம் ஷேடர் கம்பைல் ஆவுது, அதாவது கிராபிக்ஸ தயார் பண்ணிட்டே இருக்கு. அப்புறம் நடந்தா ஓகே, ஓடுனா ரெண்டு செகண்டுக்கு ஒருவாட்டி படம் நிக்குது, சண்டை வந்தா ஃபோட்டோ ஆல்பம் பாக்குற மாதிரி இருக்கு. ஒவ்வொரு செட்டிங்கா கொறைச்சு கொறைச்சு கடைசில ஹீரோ மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி ஆயிடுச்சு, அப்பவும் நிக்குது. இதெல்லாம் பாத்து முடிக்குறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு, நான் கேம் வாங்குன ஸ்டீம் ஸ்டோர்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தாத்தான் ரீஃபண்ட்டு. நான் கேம் விளையாடவே இல்லப்பா, செட்டிங்ஸ் மெனுவத்தான் விளையாண்டேன்.

சரி என் கேள்விக்கு வரேன். இந்த ரிவ்யூ போடுறவங்க எல்லாம் கேமை முழுசா விளையாடுறாங்களா இல்லையா, எந்த மெஷின்ல விளையாடுறாங்க, எல்லாருக்கும் எப்படி ஒரே மாதிரி 8, 9ன்னு கை போகுது, 4 அஞ்சு எல்லாம் எங்க போச்சு, அந்த நம்பரையே நிறுத்திடக் கூடாதா? காசு வாங்கிட்டு போடுறாங்கன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான், எனக்கு அப்படி முழுசா நம்பத் தோணல, ஆனா வயித்தெரிச்சல்ல அதுவும் சரின்னுதான் படுது.

---

நைட்ஷிப்ட்_நாகு:

உன் ஃப்ரெண்டு சொன்னதுதான் கரெக்ட்டு. எல்லாம் காசு. சைட்டு ஃபுல்லா அந்த கேமோட விளம்பரம் ஓடும், கீழ 9/10ன்னு போட்டிருப்பான், இதுக்கு மேல என்னய்யா ஆதாரம் வேணும். 2007ல கேம்ஸ்பாட்ங்கற ரிவ்யூ சைட்டுல ஜெஃப் கெர்ஸ்ட்மன்னு ஒரு ஆள், கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு 6 போட்டாரு, வேலைய விட்டு தூக்கிட்டாங்க. அன்னைலேர்ந்து நான் ரிவ்யூ படிக்கிறத நிறுத்திட்டேன். யூட்யூப்ல ஆளு விளையாடுறத பாப்பேன், புடிச்சா வாங்குவேன், அவ்ளோதான்.

---

பழையஜாய்ஸ்டிக்:

மணி, நான் ஒரு சின்ன சைட்டுக்கு நாலு வருஷம் ரிவ்யூ எழுதுனவன், இப்ப விட்டுட்டேன், அதனால உள்ள எப்படி நடக்கும்னு கொஞ்சம் சொல்றேன். பெரிய சைட்டுல இன்னும் வசதியா இருக்கும், ஆனா முறை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

கேம வெளியிடுற பப்ளிஷர் கிட்டேருந்து ஒரு கோடு (code) வரும், அத போட்டா ரிலீஸுக்கு முன்னாடியே கேம் கெடைக்கும், கூடவே ஒரு பேப்பர் வரும். இந்த தேதி இந்த நேரத்துக்கு முன்னாடி வாயத் தொறக்கக் கூடாது, இந்த சாப்டருக்கு மேல வீடியோ காட்டக் கூடாது, அந்த கேரக்டர் செத்துப்போறத எழுதக் கூடாது, இப்படி. அதுக்குப் பேருதான் எம்பார்கோ. கோடு ரெண்டு வாரம் முன்னாடி வந்தா கொண்டாட்டம், பல நேரம் ஒரு வாரம், சில நேரம் நாலு நாளு. கேம் அறுபது மணி நேரம். நீங்களே கணக்கு போட்டுக்கோங்க, ஒரு நாளைக்கு பன்னண்டு மணி நேரம் உக்காந்தா அஞ்சு நாளு, அதுக்கப்புறம் எழுதணும், எடிட்டர் கேள்வி கேப்பாரு, வீடியோ வெட்டணும். நான் ஒரு தடவ மூணு நாள் பிரெட்டும் ஜாமுமா ஓட்டியிருக்கேன், நாலாவது நாளு அந்த கேம் மேல வந்த கடுப்பு கேமால வந்ததா தூக்கமில்லாததால வந்ததான்னு எனக்கே தெரியல. ஆனா மார்க் போட்டேன். அந்த மார்க் இன்னும் நெட்ல இருக்கு.

பால்டர்ஸ் கேட் 3 ஞாபகம் இருக்கா, 2023 ஆகஸ்ட். அவ்ளோ பெரிய கேமு, கோடு ரிலீஸுக்கு சில நாள் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு, அதனால ரிலீஸ் அன்னைக்கு நெறைய பேரு மார்க் போடாம 'இன்னும் விளையாடிட்டு இருக்கோம்'னுதான் எழுதினாங்க. அதுதான் நேர்மை. ஆனா அப்படி எழுதுனா அன்னைக்கு க்ளிக் வராது, எல்லாரும் நம்பரத்தான தேடிட்டு வராங்க.

அடுத்தது மெஷின். ரிவ்யூ பண்றவங்க கிட்ட இருக்குறது பெரும்பாலும் நல்ல கார்டு, உங்க 1650 இல்ல. இதுக்கு சைபர்பங்க் 2077தான் பாடம், 2020 டிசம்பர் 10 ரிலீஸ், 7ஆம் தேதியே ரிவ்யூ வந்துடுச்சு, ஆனா முன்கூட்டியே குடுத்தது பிசி கோடு மட்டும்தான், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் மாதிரி கன்சோலுக்கு கோடு கிடையாது. அது மட்டுமில்ல, வீடியோ ரிவ்யூவுல அவங்க குடுத்த கிளிப்பைத்தான் போடணும், சொந்தமா ரெக்கார்டு பண்ணதப் போடக் கூடாதுன்னு கண்டிஷன். முதல் ரெண்டு மூணு நாளு உலகமே 90, 91ன்னு பாத்துச்சு. பிஎஸ்4ல போட்டவன் எல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு கிராஷ்னு கத்துறான். ரிலீஸ் ஆன ஒரு வாரத்துல சோனி தன் ஸ்டோர்லேர்ந்தே எடுத்துட்டு ரீஃபண்டு குடுத்தாங்க, 2021 ஜூன்லதான் திரும்ப வந்துச்சு. எல்லா சைட்டு மார்க்கையும் சேத்து ஆவரேஜ் போடுற மெட்டாகிரிட்டிக்ல இப்பவும் போய் பாருங்க, பிசிக்கு 86, பிஎஸ்4க்கு 57. ஒரே கேமுதான். அந்த 90ஐ நம்பி பிஎஸ்4 டிஸ்க் வாங்குனவன் யாரை போய் கேப்பான்?

ரிவ்யூ பண்ணவங்க பொய் சொல்லல, அவங்க பிசில பாத்தத எழுதினாங்க. அவங்களுக்கு எதக் காட்டணும்னு முடிவு பண்ணது வேற ஆளு. காசு வாங்கிட்டாங்கன்னு சொல்றதவிட இது எனக்கு பெரிய பிரச்சனையா தெரியுது. நாலு வருஷத்துல எனக்கு ஒருத்தனும் காசு குடுக்க வரல, வந்திருந்தா ஒரு நல்ல சேராவது வாங்கியிருப்பேன்.

நாகு, கெர்ஸ்ட்மன் கதைய நீங்க தலைகீழா சொல்றீங்க. அவரு காசு வாங்கியிருந்தா ஏன் 6 போடப் போறாரு? அந்த நேரம் சைட்டு முழுக்க அந்த கேமோட விளம்பரம், கேம் கம்பெனி கடுப்பாச்சு, மேல இருந்த புது மேனேஜ்மென்ட் வளைஞ்சு குடுத்துச்சு. இத அவரே 2012லதான் வெளிப்படையா சொன்னாரு, அதுவரைக்கும் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம். இதுல தமாஷ் என்னன்னா வேலை போனதும் அவரு 2008ல ஜயன்ட் பாம்ப்னு சொந்தமா சைட்டு ஆரம்பிச்சாரு, 2012ல அத வாங்குனது சிபிஎஸ்ங்கற மீடியா கம்பெனி, அதுதான் அப்ப கேம்ஸ்பாட்டுக்கும் ஓனர். தொரத்துன வீட்டுக்கே மாப்பிள்ளையா போன கதை. எழுதுறவன் நேர்மையா இருந்தாலும் அவன் தலைக்கு மேல விளம்பர டிபார்ட்மென்ட் உக்காந்திருக்கும், அந்த பயம் நெஜம். ஆனா அதுக்கும் 'எல்லாம் காசு'க்கும் வித்தியாசம் இருக்கு.

---

நைட்ஷிப்ட்_நாகு:

வளைஞ்சு குடுத்தாங்கல்ல? அதான் நானும் சொன்னேன். கவர்ல குடுத்தா என்ன, விளம்பரமா குடுத்தா என்ன.

---

சிங்காநல்லூர்_கேமர்:

வணக்கமுங்க. நான் கேம் டெஸ்டிங்ல இருக்கேன், கம்பெனி பேரு வேண்டாமுங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு ரெண்டு சொல்லிட்டுப் போறேன்.

ரிவ்யூவுக்கு போற பில்டும் (அதாவது கேமோட வெர்ஷனும்) நீங்க ரிலீஸ் அன்னைக்கு டவுன்லோடு பண்ற பில்டும் ஒண்ணில்லீங்க. 'டே ஒன் பேட்ச்ல, அதாவது ரிலீஸ் அன்னைக்கு வர்ற அப்டேட்ல, இதெல்லாம் சரியாயிடும்'னு ஒரு லிஸ்டு ரிவ்யூ பண்றவங்களுக்கு போகும். அவங்களும் பாவம், சரி பேட்ச்ல வந்துடும்னு நம்பி மார்க்க கொறைக்காம விட்டுருவாங்க. பாதி வரும், பாதி அடுத்த மாசம் வரும். நீங்க நொண்டுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது அந்த லிஸ்டுல கண்டிப்பா இருந்திருக்கும்ங்கறது என் யூகம்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சுங்க, 2017ல ப்ரே கேமு. ஐஜிஎன்ங்கற பெரிய ரிவ்யூ சைட்டுல ரிவ்யூ பண்ணவரு பிசில முக்காவாசி விளையாடிட்டாரு, ஒரு பக் வந்து சேவ் ஃபைலு காலி, முடிக்கவே முடியல. 4 போட்டாரு. அப்புறம் பேட்ச் வந்துச்சு, முடிச்சாரு, 8 ஆக்கினாரு. ஒரே கேமு, ஒரே ஆளு, 4லேர்ந்து 8. சிரிச்சாங்க எல்லாரும். எனக்கு அந்த 4 ரொம்ப புடிச்சுதுங்க, ஏன்னா காசு குடுத்து வாங்குற ஆளுக்கு அந்த வாரம் நெஜமாவே அது 4 கேமுதான். ஆனா மெட்டாகிரிட்டிக்ல ஒரு சைட்டு முதல்ல போட்ட மார்க்கத்தான் எடுத்துக்குவாங்க, அப்புறம் மாத்துனா கணக்குல வராது. கேமு வருஷக்கணக்கா மாறிட்டே இருக்கும், மார்க்கு மட்டும் கல்வெட்டு.

அந்தக் கல்வெட்ட வெச்சுதான் எங்க ஆளுங்க வயித்துல அடிக்கிறாங்கங்கறதுதான் கொடுமை. ஃபால்அவுட் நியூ வேகாஸ், 2010, ஆப்சிடியன் பண்ணது. மெட்டாகிரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு பப்ளிஷர் பெத்தெஸ்டாவோட ஒப்பந்தம், வந்தது 84. ஒரு மார்க்குங்க! அங்க இருந்த கிறிஸ் அவெல்லோன் 2012ல ட்விட்டர்ல இத சொன்னப்புறந்தான் வெளிய தெரிஞ்சுது. இன்னைக்கு அந்த சீரிஸ்லயே எது பெஸ்டுன்னு கேட்டா பாதிப் பேரு இதத்தான் சொல்லுவாங்க. சைபர்பங்க்லயும் 90க்கு மேல வந்தாத்தான் போனஸ்னு மொதல்ல வெச்சிருந்தாங்க, ரிலீஸ் சொதப்புனதும் அந்த கண்டிஷன எடுத்துட்டு போனஸ் தர்றோம்னுட்டாங்க, அந்த அளவுக்கு நல்லது. எங்கயோ ஒருத்தரு தூக்கமில்லாம பிரெட்டும் ஜாமும் சாப்ட்டுட்டு போட்ட மார்க்குல எனக்கு தீபாவளி போனஸ் வருமா வராதான்னு தீர்மானம் ஆகுதுன்னா, ஏனுங்க, எங்க போய் முட்டிக்கிறது? (ஜாய்ஸ்டிக் அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க.)

---

பழையஜாய்ஸ்டிக்:

எடுத்துக்கல தம்பி. ஆனா அந்த 85ங்கற கோட்ட போட்டது நாங்க இல்ல, பப்ளிஷரு. எழுதுறவன் ஒருத்தன் போனஸ நெனச்சு மார்க் போட ஆரம்பிச்சா அன்னையோட அந்தத் தொழில் முடிஞ்சுது.

---

ஸ்காபரோ_பொடியன்:

எல்லாரும் ஏன் 8, 9 எண்டே போடீனம் எண்டு மணி கேட்டவர், அதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்ல. நான் சொல்லுறன்.

நான் இஞ்ச கனடாவில படிச்சனான். இஞ்சயும் அமெரிக்காவிலயும் பள்ளிக்கூடத்தில 70 எண்டால் சுமார், 60க்குக் கீழ போனால் அம்மா ரீச்சரைப் பாக்கப் போகவேணும். கேம் ரிவ்யூ எழுதுற பெரிய சைட்டுகள் கனக்க அமெரிக்காவிலதான் கிடக்கு, அவையும் அந்தப் பள்ளிக்கூடத்தில படிச்ச ஆக்கள்தானே. அதால 5 எண்டது அவைக்கு நடு இல்லை, ஃபெயில். ஐஜிஎன்ர அட்டவணையைப் பாத்தால் 7 எண்டால் 'நல்லம்', 5 எண்டால் 'சுமார்' எண்டுதான் போட்டிருக்கு. அவை 7 போட்டால் நல்லம் எண்டுதான் சொல்லீனம், ஆனால் வாசிக்கிறவன் 'ஐயோ 7ஆ' எண்டு நெஞ்சில கை வைக்கிறான். ஸ்டார்ஃபீல்டுக்கு 2023இல ஐஜிஎன் 7 போட்டதுக்கு நடந்த சண்டையை மறந்திட்டீங்களே? 'நல்லம்' எண்டு சொன்னதுக்கு அவ்வளவு ஏச்சு.

இன்னொரு காரணமும் இருக்கு. உண்மையிலயே குப்பையான கேமுகள் ஒரு நாளைக்கு எத்தனை வருகுது, அதை ஆர் இருந்து விளையாடி எழுதப்போகினம்? நேரம் இல்லை, வாசிக்க ஆளும் இல்லை. நல்லா வரும் எண்டு எதிர்பாக்கிற கேமைத்தான் எடுக்கினம், பிறகு மார்க் மேலதானே நிக்கும். அதோட மெட்டாகிரிட்டிக் ஒரு நிறம் பூசி வைச்சிருக்கு. பச்சை எண்டால் நல்லம். படத்துக்கு 61 எண்டாலே பச்சை, கேமுக்கு 75 வேணும். 70 எடுத்த படம் பச்சை, 70 எடுத்த கேம் மஞ்சள். ஏன் அப்பிடி? கேமுக்காரர் அள்ளி வழங்கீனம் எண்டு அவைக்கும் தெரியும்.

இங்கிலாந்தில எட்ஜ் எண்டு ஒரு சஞ்சிகை, 1993இல தொடங்கினது, அவை 5ஐ 5ஆகவே பாவிப்பினம், 10 எண்டது அபூர்வமா வரும், முதல் 10 சூப்பர் மரியோ 64க்கு. ஜப்பானில ஃபமிட்சுவில நாலு பேர் ஆளுக்குப் பத்துப் பத்தாப் போட்டு 40க்குக் கூட்டுவினம், முதல் 40 செல்டா ஒகரினா ஒஃப் டைமுக்கு, 1998இல. எனக்கு அந்த முறை பிடிக்கும், ஏனெண்டால் ஒருத்தர் 10 போட்டு பக்கத்தில இருக்கிறவர் 7 போட்டது அப்பிடியே தெரியும். மெட்டாகிரிட்டிக்கில எல்லாத்தையும் ஒரு பானையில போட்டுக் கிண்டினால் ஒரு ருசியும் தெரியாது. ஐஞ்சு ஸ்டாரில நாலு குடுத்தால் 80 எண்டு மாத்துவினம், எந்தச் சைட்டுக்கு எவ்வளவு பாரம் குடுக்கினம் எண்டதையும் வெளியில சொல்லாயினம். அதே மாதிரி 2015இல வந்த ஓபன்கிரிட்டிக் எண்ட சைட்டு எல்லாருக்கும் ஒரே பாரம் எண்டுது, அது பரவாயில்லை.

கடைசியா எங்கட விசயம் ஒண்டு. வெண்பா எண்ட கேம் விளையாடினனீங்களோ? 2023 ஜூலைக் கடைசியில வந்தது, இஞ்ச டொரொண்டோவில இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. எண்பதுகளில தமிழ்நாட்டில இருந்து கனடாவுக்கு வந்த குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். கிழிஞ்சுபோன சமையல் புத்தகத்தைப் பாத்து இட்லி, புட்டு, பிரியாணி எண்டு ஒவ்வொண்டாச் சமைக்கவேணும். ஒண்டரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். ரிவ்யூவுகள் கனக்க நல்லாத்தான் எழுதினவை, ஆனால் கன பேர் வைச்ச குறை, 'கட்டையாப் போச்சு'. 2024இல இங்கிலாந்தின்ர பஃப்டாவில முதல் படைப்புக்கான விருது அதுக்குத்தான், சின்னக் குழுக்கள் செய்யிற கேமுகளுக்கான ஐஜிஎஃப் விழாவில பெரிய பரிசும் அதுக்குத்தான். எண்பது மணித்தியாலம் ஓடுற கேமையும் இதையும் ஒரே கோலால அளந்தால் என்னண்டு சரிவரும்? மகன் தமிழ் கதைக்காமல் நிக்கிற இடத்தில நான் அழுதனான், எங்கட வீட்டிலயும் அதுதான் நடந்தது, அதை ஒரு வெள்ளைக்காரப் பொடியன் 7 எண்டு போட்டால் அவனில பிழை இல்லை, அவனுக்கு அது 7. எனக்கு அது மார்க் போடுற சாமான் இல்லை.

---

ரேவ்ஸ்92:

பொடியன் அண்ணா வெண்பா பத்தி சொன்னது சூப்பர், நான் பிரியாணி லெவல்ல மூணு தடவ தப்பு பண்ணேன், எங்க அம்மா பின்னாடி நின்னு தலையில அடிச்சிக்கிட்டாங்க.

நீங்க எல்லாரும் கிரிட்டிக்ஸ் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, நான் அவங்க ரிவ்யூவ பாக்குறதே கம்மி, நேரா ஸ்டீம் ரிவ்யூ. நம்பரே கிடையாது, புடிச்சுதா இல்லையா அவ்ளோதான், எத்தனை பர்சன்ட் பேருக்கு புடிச்சுதுன்னு காட்டும், எழுதுனவன் எத்தனை மணி நேரம் விளையாண்டான்னும் பக்கத்துலயே இருக்கும். நாகு ப்ரோ காசு காசுன்னு சொல்றாரே, இங்க எழுதுறவன் காசு குடுத்து வாங்குனவன், நம்மள மாதிரி ஆளு.

ஆனா இதுலயும் கூத்து இருக்கு, மறைக்க மாட்டேன். த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தப்ப, 2020 ஜூன் 19, கிரிட்டிக்ஸ் ஆவரேஜ் 93, மெட்டாகிரிட்டிக் யூசர் ஸ்கோர் முதல் நாளே 3 சொச்சம். அந்த கேம் முடிக்கவே இருபத்தஞ்சு மணி நேரம் ஆகும், ரிலீஸ் ஆகி ரெண்டு மணி நேரத்துல எப்படிப்பா 0 போட்டீங்க? கதை முன்னாடியே லீக் ஆயிருந்துச்சு, அந்த கோவத்துல விளையாடாமலே வந்து குத்திட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் மெட்டாகிரிட்டிக்ல கேம் வந்து 36 மணி நேரம் கழிச்சுதான் யூசர் ரிவ்யூ போடலாம்னு மாத்துனாங்க. 36 மணி நேரம் பொறுத்து வந்து திட்டுறவன் திட்டத்தான் போறான், ஆனா பாதிப் பேருக்கு அதுக்குள்ள வேற சண்டை கெடைச்சிடும்ல.

அதே சமயம் ஹெல்டைவர்ஸ் 2ல நடந்தது எனக்கு வேற மாதிரி தோணுச்சு. 2024 மே மாசம், இனிமே பிசில விளையாடுறவங்களும் பிஎஸ்என் அக்கவுன்ட் (சோனியோட ப்ளேஸ்டேஷன் அக்கவுன்ட்) கட்டாயம் லிங்க் பண்ணணும்னு சோனி சொன்னாங்க, பல நாட்டுல அந்த அக்கவுன்ட்டே திறக்க முடியாது, அப்ப காசு குடுத்து வாங்குனவன் என்ன பண்ணுவான்? ரெண்டு மூணு நாள்ல ரெண்டு லட்சம் நெகட்டிவ் ரிவ்யூவுக்கு மேல விழுந்துச்சு, சோனி பின்வாங்கிட்டாங்க. கேம் நல்ல கேமுதான், திட்டுனவங்களுக்கும் அது தெரியும். ரிவ்யூவ ஊர்வலம் மாதிரி யூஸ் பண்ணாங்க. அதுக்காக வெச்சதில்ல அந்த ரிவ்யூ பொட்டி, ஆனா கத்துறதுக்கு வேற எங்கயும் இடம் இல்லையே.

மணி ப்ரோ, நான் பண்றது இதுதான். நெகட்டிவ் ரிவ்யூ மட்டும் காட்டச் சொல்லி ஃபில்டர் போடுவேன், அதுல பத்து மணி நேரத்துக்கு மேல விளையாண்டவங்கள மட்டும் படிப்பேன். பத்து மணி நேரம் உக்காந்துட்டு புடிக்கலன்னு சொல்றவன் கிட்ட விஷயம் இருக்கும். அப்புறம் '1650'ன்னு தேடுவேன் (நானும் அதே கார்டுதான், ஹைஃபைவ்). முதல் நாள் வாங்கவே மாட்டேன், அது ஒண்ணு.

---

பழையஜாய்ஸ்டிக்:

ரேவதி சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன். சைட்ட பாக்காதீங்க, ஆள பாருங்க. 'ஐஜிஎன் 9 போட்டுச்சு'ன்னு சொல்றோம், ஐஜிஎன்னு ஒரு ஆளு கிடையாது, அங்க இருக்குற ஒருத்தரு போட்டாரு. சண்டை கேமுக்கு ஒருத்தர், கார் ரேஸுக்கு ஒருத்தர். 2006ல காட் ஹேண்ட்னு ஒரு கேமுக்கு அங்க 3 போட்டாங்க, இன்னைக்கும் அந்த கேம தலையில வெச்சு ஆடுற கூட்டம் இருக்கு. அந்த 3 போட்டவரோட ரசனை என்னன்னு எனக்கு தெரிஞ்சா அந்த 3ம் எனக்கு உபயோகம். எனக்கு ஒரு ரிவ்யூ எழுத்தாளர் இருக்காரு, அவருக்கு புடிக்காத டர்ன் பேஸ்டு கேம் (மாத்தி மாத்தி முறை வெச்சு ஆடுறது) எல்லாம் எனக்கு கண்ண மூடிட்டு புடிக்கும். பதினஞ்சு வருஷமா அவரு திட்டுறத பாத்துதான் வாங்கிட்டு இருக்கேன், ஒரு தடவ கூட ஏமாந்ததில்ல. நம்ம ஊர்ல சினிமா விமர்சனத்துக்கும் இதே மாதிரி ஒரு மாமா எல்லா வீட்டுலயும் இருப்பாரு, அவரு 'குப்பை'ன்னா குடும்பத்தோட டிக்கெட் போட்டுடலாம்.

நம்பரையே நிறுத்தலாமேன்னு கேட்டீங்கல்ல, நிறுத்திப் பாத்தாங்க. யூரோகேமர் சைட்டு 2015ல மார்க்க எடுத்துட்டு 'வாங்கலாம்', 'கண்டிப்பா வாங்கணும்', 'பக்கம் போகாதே'ன்னு மூணு முத்திரை மட்டும் வெச்சிருந்தாங்க. எனக்கு ரொம்ப புடிச்சிருந்தது. எட்டு வருஷம் கழிச்சு 2023ல அஞ்சு ஸ்டாரோட திரும்பி வந்துட்டாங்க. பாலிகான் சைட்டும் 2018ல மார்க்க எடுத்துட்டாங்க. நம்பர் இல்லன்னா ஆவரேஜ் கணக்குலயும் இல்ல, ஆவரேஜ்ல இல்லன்னா பாதி ஜனத்துக்கு அந்த ரிவ்யூ வந்ததே தெரியாது. திட்டிட்டே தேடுறது அந்த நம்பரத்தான், நான் உள்பட. ரிவ்யூ எழுதுற காலத்துலயே அடுத்தவன் ரிவ்யூவ திறந்தா நேரா கீழ போயி மார்க்க பாத்துட்டுத்தான் மேல வருவேன்.

---

லோடிங்மணி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, நான் ரெண்டு பேரு வந்து 'வேற பிசி வாங்குடா'ன்னு சொல்லிட்டு போயிடுவாங்கன்னு நெனச்சேன்.

நேத்து ராத்திரி ஒரு வேலை பண்ணேன். வாங்குறதுக்கு முன்னாடி நான் பாத்த அந்த 9/10 ரிவ்யூவ முழுசா உக்காந்து படிச்சேன், அதாவது முதல் தடவையா. கடைசில இருந்து மூணாவது பேராவுல தெளிவா எழுதியிருக்கான்யா: என் பிசில ரொம்ப காஸ்ட்லி கார்டு போட்டிருக்கேன், அதுலயே அங்கங்க தடுமாறுது, பழைய கார்டு வெச்சிருக்குறவங்க ஒரு பேட்ச் வர்ற வரைக்கும் பொறுங்க. கேக்குறதுக்கு எனக்கே வெக்கமா இருக்கு. நாலாயிரம் ரூபா போடுறதுக்கு முன்னாடி நான் படிச்சது அந்த ஒரே ஒரு எழுத்து, 9.

ஆனாலும் ஜாய்ஸ்டிக் அண்ணா, இவ்ளோ பெரிய விஷயத்த கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வெச்சிட்டு மேல கொட்டையா 9 போட்டா யாரு தப்பு? என் தப்பு பாதிதான். மீதிய நான் ஏத்துக்க மாட்டேன்.

---

பழையஜாய்ஸ்டிக்:

அந்த பேராவ அவரு மேலதான் வெச்சிருப்பாரு, எடிட்டர் கீழ தள்ளியிருப்பாரு. அனுபவத்துல சொல்றேன்.

---

சிங்காநல்லூர்_கேமர்:

மணிங்க, ஒரு சந்தேகம். கிராபிக்ஸ் கார்டோட டிரைவர் சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணீங்களா? கேமு ரிலீஸுக்கு முந்தின நாளே புது டிரைவர் விட்டிருப்பாங்களே. அப்புறம் கேமு எஸ்எஸ்டில இருக்குதா இல்ல பழைய ஹார்டு டிஸ்க்லயா?

---

லோடிங்மணி:

...ஹார்டு டிஸ்க்ல.

---

நைட்ஷிப்ட்_நாகு:

😂😂😂 ஹார்டு டிஸ்க் கம்பெனியும் காசு வாங்கிட்டான்

---

லோடிங்மணி:

எஸ்எஸ்டிக்கு மாத்திட்டேன், டிரைவரும் போட்டாச்சு. ஓடும்போது நிக்குறது பாதி கொறைஞ்சிருக்கு, சண்டையில இன்னும் நிக்குது, ஹீரோ மூஞ்சி இன்னும் மெழுகுதான். நாப்பது மணி நேரம் ஆனதும் ஸ்டீம்ல ரிவ்யூ எழுதுறேன், '1650'ன்னு முதல் வரியிலயே போட்டுடுறேன் ரேவதி, தேடும்போது கெடைக்கும்.